பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்கு: நடுவிலே ஒரு மூன்று மாதம்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "பழைய நினைவுகளை எழுதுங்க சார்"னுதான் சொன்னார்கள். கேன்டீன் டீ, விடுதிச் சாப்பாடு, கல்லூரி ஆண்டுவிழா என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு வழியைப் பற்றி எழுதுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்கு வந்து சேர்ந்த வழி அது. ஒவ்வொரு காலத்திலும் அது எங்கே அடைபட்டது, யார் திறந்துவிட்டார்கள், இன்று எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்று பார்ப்போம்.

கல்லூரி இல்லாத ஊர்

பனியன் தொழில் திருப்பூருக்கு வந்தது 1920களில். பஞ்சு மார்க்கெட்டும் ஜின்னிங் ஆலைகளும் ஏற்கனவே இருந்தன. இத்தனை இருந்தும் ஊருக்குள் ஒரு கலைக் கல்லூரி கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் மேலே படிக்க வேண்டுமென்றால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கோயமுத்தூருக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஈரோடு. ரயில் பாஸுக்கும் விடுதிக்கும் காசு உள்ளவன் போனான். இல்லாதவன் கம்பெனிக்கோ தோட்டத்துக்கோ போனான். பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1966இல் நம் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி வந்தது. 1971இல் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி வந்தது. அந்த நாளில் இரண்டு கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்தது 1982இல்தான். சைக்கிளில் வந்து போகும் தூரத்தில் கல்லூரி என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது.

ஆனால் கட்டடம் பக்கத்தில் வந்துவிட்டால் போதுமா? போதவில்லை.

உராய்வும் ஃபிரிக்‌ஷனும்

நம் ஊரில் 1903இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரை நம்மில் பலர் கோவை மகளிர் கல்லூரியின் பெயரால் மட்டுமே அறிவோம். அவர் 1930இல் ஒரே ஒரு அரிசன மாணவனை வைத்துக்கொண்டு இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக நிலைபெற வழிசெய்தவர்களில் முக்கியமானவர். இதனால் கிராமத்துப் பிள்ளை தன் சொந்த மொழியில் கணக்கும் விஞ்ஞானமும் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை வர முடிந்தது.

பிறகு 1954இல் காமராஜர் முதலமைச்சரானார். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, கட்டடம் என்று முடிந்ததை ஊர் மக்களே பள்ளிக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் சர்க்காருடையது மட்டுமல்ல, ஊருடையதும்தான் என்ற எண்ணம் வந்தது அப்போதுதான்.

ஆனால் பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். நடுவில் ஒரு பள்ளம்! அதைத் தாண்டத்தான் 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்திப் பார்த்தார்கள். தமிழ்வழிப் பட்டப்படிப்பு முதலில் நம் கொங்கு நாட்டில்தான் சோதிக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நான் 1972இல் பி.யு.சி. சேர்ந்தேன். முதல் வார இயற்பியல் வகுப்பு. பேராசிரியர் 'ஃபிரிக்‌ஷன்' 'ஃபிரிக்‌ஷன்' என்று ஒரு மணி நேரம் நடத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துப் பையனுக்கும் விளங்கவில்லை. மணி அடிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கரும்பலகையில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'உராய்வு' என்று எழுதினார். அட, இதுதானா! உராய்வைப் பற்றிப் பத்தாம் வகுப்பிலேயே பக்கம் பக்கமாக எழுதியவர்களாச்சே நாங்கள்! மறுநாளிலிருந்து அவர் ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதினார். அந்த ஒரு சொல் இல்லாமல் எத்தனை பேர் முதல் மாதத்திலேயே நின்றுபோனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

பி.யு.சி. போனது, +2 வந்தது

பி.யு.சி. என்ற ஒரு வருடத்தின் அருமை எனக்கு ஆசிரியரான பிறகுதான் புரிந்தது. அதற்கு முன்பு இரண்டு வருட இண்டர்மீடியட் இருந்தது. 1950களின் நடுவில் அது போய், பதினொரு வருடப் பள்ளி, ஒரு வருட பி.யு.சி., மூன்று வருடப் பட்டம் என்று ஆனது. பி.யு.சி. மாணவன் பாதி பள்ளிப் பிள்ளை, பாதி கல்லூரிப் பிள்ளை. தடுக்கி விழுந்தாலும் கல்லூரிக்கு உள்ளேயே விழுந்தான். அங்கே அவனைத் தூக்கிவிட ஓர் ஆசிரியர் இருந்தார், ஒரு சீனியர் இருந்தான். ஏற்கனவே வாசலைத் தாண்டிவிட்டதால் மேலே பட்டப்படிப்புக்குப் போவதும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

1978இல் தமிழ்நாட்டில் +2 வந்தது. பத்து, இரண்டு, மூன்று. கூட்டிப் பார்த்தால் அதே பதினைந்து வருடம்தான். ஆனால் கல்லூரியில் இருந்த அந்த ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டது. இதில் நன்மை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துப் பள்ளியிலேயே பன்னிரண்டாவது வரை படிக்க முடிந்தது. தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. நெசவு, ஆடை தயாரிப்பு போன்ற பாடங்களைப் பள்ளியிலேயே படிக்கலாம் என்றார்கள். நம் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த திட்டம் போலத் தோன்றியது.

நடந்தது வேறு. பல கிராமங்களில் பத்தாவது வரைதான் பள்ளி. +1 சேர டவுனுக்கு வர வேண்டும். அங்கே ஒரு கூட்டம் நின்றது. +2 முடித்தவன் கல்லூரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு கூட்டம் நின்றது. முன்பு ஒரே கையில் இருந்த பிள்ளையை இப்போது ஒரு கை விட்டு, இன்னொரு கை பிடிக்க வேண்டியிருந்தது. விடும் கை விட்டது. பிடிக்கும் கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

கம்பெனி வாசல்

சரியாக அதே சமயத்தில்தான், 1970களின் கடைசியில், திருப்பூரிலிருந்து வெளிநாட்டு ஏற்றுமதி சூடு பிடித்தது. 1980களில் வீதிக்கு வீதி கம்பெனி. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. கையிலே வேலை தெரிந்தவன் சொந்தமாக நாலு மெஷின் போட்டு முதலாளி ஆன கதைகள் நமக்கெல்லாம் தெரியும். நம் வகுப்புத் தோழர்களிலேயே உண்டு. சும்மா சொல்லக் கூடாது, இந்த ஊர் பலருக்குச் சோறு போட்டிருக்கிறது.

ஆனால் அந்த வாசலில் சின்னப் பிள்ளைகளும் நின்றார்கள். கைமடிக்க, பிசிறு வெட்ட, பீஸ் அடுக்க. சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஹார்கின் மசோதா வந்தபோது வெளிநாட்டு பையர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பத்து வயதுப் பிள்ளை கம்பெனியில் உட்கார்ந்திருந்த காட்சி மெல்ல மெல்லக் குறைந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயது வரை பள்ளியை உறுதிப்படுத்தியது.

பதினான்கு வயதுக்கு மேலே? அங்கேதான் கதை இருக்கிறது.

ஒரு பையன்

பெயர் வேண்டாம். என் பள்ளியில் +2 படித்தான். அப்பா இல்லை. அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை. கணக்கில் கெட்டிக்காரன். மார்ச்சில் பரீட்சை முடிந்தது. கடைசி நாள் என்னிடம் வந்து, "சார், லீவுல சும்மா இருக்க வேண்டாம்னு கம்பெனிக்குப் போறேனுங்க சார். ரிசல்ட் வந்ததும் காலேஜ்ல சேர்ந்துக்கறேன்" என்றான். "நல்லது தம்பி, போய்ட்டு வா" என்றேன். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். ஜூனில் டி.சி. வாங்க அவன் வரவில்லை. ஜூலையும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். பையன் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தம்மா டீ வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க சார், வாரஞ்சனிக்கெழமையானா சம்பளம் வருதுங்க. அதை உட்டுப்போட்டு மூணு வருசம் படிக்கோணும்ங்கறீங்க. படிச்சு முடிச்சாலும் இதே கம்பெனிக்குத்தானுங்களே வரோணும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடத்து அட்மிஷனும் முடிந்திருந்தது.

பிறகு பல நாள் யோசித்தேன். எங்கள் பள்ளிப் பதிவேட்டில் அவன் 'தேர்ச்சி'. கல்லூரிப் பதிவேட்டில் அவன் பெயரே இல்லை. இரண்டு பதிவேட்டிலும் ஒரு தப்பும் கிடையாது. பையன் மட்டும் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டான். பரீட்சை முடிகிற மார்ச் கடைசியிலிருந்து கல்லூரி சேர்க்கை நடக்கிற ஜூன் வரை மூன்று மாதம். அந்த மூன்று மாதத்துக்கு அவன் யாருடைய மாணவனும் அல்ல. கம்பெனிக்கு மட்டும் அவன் வேண்டியவன்.

உயர்நிலைப் பள்ளியில் பிறந்த கல்லூரி

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்ற ஒரு தொழில் நகரத்தில் இதையே யோசித்தார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரும் கூடிப் பேசினார்கள். வெளியூர் போகப் பணமில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரியின் முதல் இரண்டு வருடப் பாடத்தை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நடத்த முடிவு செய்தார்கள். முதல் வகுப்பில் ஆறே பேர்! அதுதான் இன்று அமெரிக்கா முழுக்க இருக்கும் சமுதாயக் கல்லூரிகளின் தொடக்கம். சமுதாயக் கல்லூரி பிறந்ததே ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள்தான். 1974இல் நியூயார்க்கில் லகார்டியா சமுதாயக் கல்லூரி, படிப்பை விட்டுவிடும் நிலையில் இருந்த மாணவர்களுக்காகத் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு உயர்நிலைப் பள்ளியை நடத்த ஆரம்பித்தது. முதலில் பள்ளிக்குள் கல்லூரி, பிறகு கல்லூரிக்குள் பள்ளி. இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான். பிள்ளை நடுவில் விழக் கூடாது.

நம் பக்கத்தில் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1996இல் சென்னையில் ஒன்று வந்தது. சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். படிப்பை விட்டவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலை இடத்திலேயே பழகுதல். பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2012-13க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளுக்குள் இத்தகைய பிரிவுகளுக்கு நிதி தந்தது. நம் ஊரில் ஏற்றுமதியாளர்கள் 1997இல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியைத் தொடங்கினார்கள். தொழிலே கல்லூரி நடத்த முன்வந்த பெரிய காரியம் அது.

இவையெல்லாம் நல்லவை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவன் அந்தப் படிப்பைக் கணக்கில் காட்டிப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்குப் போகும் வழி உண்டு. நம் நாட்டில் அந்தப் படிக்கட்டு இன்னும் முழுதாகக் கட்டப்படவில்லை. இங்கே சமுதாயக் கல்லூரி பெரும்பாலும் விழுந்தவனைத் தூக்கும் இடமாகவே இருந்தது. விழாமல் பிடிக்கும் வேலை பள்ளியும் கல்லூரியும் கூடிச் செய்ய வேண்டியது.

திருமணத்திலிருந்து பட்டத்துக்கு

அரசாங்கத்தின் எண்ணம் மாறிய விதத்துக்கு ஒரே ஒரு திட்டத்தின் வரலாறு போதும். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். எட்டாவது வரையாவது படிக்க வைப்பார்களே என்ற எண்ணம். பிறகு தகுதி பத்தாவது ஆனது. 2011இல் பட்டம் படித்தவருக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என்றானது. 2022இல் அதே அம்மையார் பெயரில் உதவி கல்லூரிப் படிப்புக்கே மாற்றப்பட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். அதுதான் புதுமைப் பெண் திட்டம். ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. 1960இல் தமிழ்வழிப் பட்டப்படிப்பைச் சோதித்துப் பார்த்த அதே கல்லூரி!

2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'கல்லூரிக் கனவு' என்று +2 மாணவர்களுக்கு வழிகாட்டும் நிகழ்ச்சிகளும் ஆரம்பமாயின. பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். பள்ளி முடித்தும் கல்லூரி சேராதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடந்தன. 2021-22ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்குப்படி, உயர்கல்வி சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியா முழுமைக்கும் 28.4 சதவீதம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனாலும் நூற்றில் ஐம்பத்து மூன்று பாக்கி இருக்கிறதே! நம் ஊரில் அந்தப் பாக்கி எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பார்த்தால் போதும். தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். நாளைக்கு அவர்களும் அந்த மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே, திட்டம் சர்க்கார் போடும். பணமும் கொடுக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒரு பையனுக்குப் போன் போட்டு, "கண்ணு, ரிசல்ட் எப்போ? அப்ளிகேஷன் போட்டாச்சா?" என்று கேட்க ஒரு மனிதர்தான் வேண்டும். நம் சங்கத்தின் முன் நான்கு வேலைகளை வைக்கிறேன்.

ஒன்று: சுற்றியுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளின் +2 மாணவர்களை ஜனவரியிலேயே ஒருநாள் நம் கல்லூரிக்கு அழைத்து வருவோம். கட்டடத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அவர்கள் பள்ளியிலேயே படித்து இப்போது இங்கே படிக்கும் பிள்ளைகளைப் பேச வைப்போம்.

இரண்டு: பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியர்களிடம், பெற்றோர் சம்மதத்தோடு, பெயர்ப் பட்டியல் வாங்குவோம். ஆளுக்கு ஐந்து பேர். வாரம் ஒரு போன், கல்லூரியில் சேரும் வரை.

மூன்று: 2020 முதல் அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். சாதிச் சான்று, டி.சி., ஓ.டி.பி. என்று ஏதாவது ஒன்றில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். மே மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் நாம் உட்கார்ந்து உதவுவோம். சேர்ந்த பிறகு முதல் மாதம், ஒவ்வொரு பாடத்திலும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்த ஒரு சிறு கையேடு கொடுப்போம். உராய்வும் ஃபிரிக்‌ஷனும்தான்!

நான்கு: இது நம்மில் முதலாளிகளாக இருப்பவர்களுக்கு. லீவில் வேலைக்கு வரும் பிள்ளையை வேண்டாமென்று விரட்ட வேண்டாம், அந்தச் சம்பளம் அந்தக் குடும்பத்துக்கு வேண்டும். வயதைப் பாருங்கள், சட்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மே மாதம் அவனைக் கூப்பிட்டு, "அப்ளிகேஷன் போட்டாச்சா?" என்று கேளுங்கள். கல்லூரி திறக்கும் நாளில் கணக்கு முடித்து அனுப்பி வையுங்கள். படிக்கும் காலத்தில் விடுமுறை வேலை உண்டு என்று சொல்லி அனுப்புங்கள். வாத்தியார் சொல்லிக் கேட்காத பிள்ளை முதலாளி சொன்னால் கேட்பான்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. "ஆமாங்கம்மா, இதே கம்பெனிக்குத்தான் வருவான். ஆனா எந்த நாற்காலியில உக்காருவான்ங்கறதுதான் விசயம்." பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர் நாற்காலிக்கு டிகிரி கேட்கிறார்கள். அதற்கு வெளியூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து உட்கார்கிறார்கள், வரட்டும். நம் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டாமா? கம்பெனியே வேண்டாம், வாத்தியாராகவோ அதிகாரியாகவோ போகிறேன் என்று சொல்லும் தைரியமும் அவனுக்கு வர வேண்டாமா?

அந்தப் பையனுக்கு இந்தப் பதிலை நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. வருகிற மார்ச்சில் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைக்குச் சொல்ல நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பட்டியல் வாங்கும் வேலைக்கு நான் தயார். என் பங்குக்கு முதல் ஐந்து பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து?